பாற்புரதமும் இருதயமும்

(நெல்லித்தோப்பில் நடைபெற்ற நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துக் காலங்கழிக்கும் யான், இன்று பாலைப் பற்றியும் இருதயத்தைப் பற்றியும் பேச முன்வந்திருப்பது உங்களிற் சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். யான் வைத்தியனல்லேன். ஆயினும், சென்ற மாதக் கூட்டத்தில் இவ்விடத்தே எழுந்த ஒரு விவாதமே என்னை இம்மேடையில் ஏற்றியது. நம் சங்கத்தின் மாலைப் பாடசாலையிற் பயிலும் நாற்பது பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஒரு தம்ளர் பால் கொடுத்து வருகின்றோம். அதனை நிறுத்திவிட வேண்டும் என்று அங்கத்தினர் ஒருவர் பிரேரேபித்தார். காரணம் வினவியபொழுது, பாலிலுள்ள புரதம் இரத்தக் குழாய்களில் அழற்சியை மூட்டி இருதயத்தைக் கெடுக்கின்றது என்று தம் கைப்பேசிக்கு வந்த செய்தியொன்றைப் படித்துக் காட்டினார். பிள்ளைகளின்மேல் வைத்த அன்பினாலேயே அவர் அங்ஙனம் கூறினார் என்பதில் ஐயமில்லை. தலைவரவர்கள் அத்தீர்மானத்தை ஒரு மாதம் தள்ளிவைத்து, இவ்விஷயத்தை ஆராய்ந்து வந்து கூறுமாறு எனக்குக் கட்டளையிட்டார்கள். அக்கட்டளையை என்னாலியன்றவரை நிறைவேற்றவே இங்கு நிற்கின்றேன்.

எனக்கு இதிற் சொந்தக் காரியமும் ஒன்றுண்டு. என் தமையனார்க்கு நாற்பத்தெட்டாம் வயதில் மாரடைப்பு வந்தது. உயிர் பிழைத்து வீடு திரும்பியவர், யாரோ கூறிய சொல்லைக் கேட்டுப் பாலையும் தயிரையும் மோரையும் அறவே விலக்கினார். ஆனால் மாலைதோறும் கடைவீதியில் உண்ணும் எண்ணெய்ப் பலகாரத்தை விலக்கினாரல்லர், பீடியையும் விலக்கினாரல்லர். நாங்கள் கண்டித்தபொழுதெல்லாம், "பாலையே விட்டுவிட்டேனே, இன்னும் எதை விடச் சொல்லுகிறீர்கள்?" என்பார். மூன்றாண்டு கழித்து இரண்டாம் முறை வந்த நோய் அவரைக் கொண்டுபோயிற்று. பாலை விட்டதனால் அவர் இறந்தார் என்று யான் சொல்லவில்லை. விடவேண்டாததை விட்டு, விடத்தக்கதை விடாதிருந்தார் என்பதே என் துயரம். அத்துயரம் இன்னொரு வீட்டிற்கு வரலாகாது என்னும் எண்ணத்தோடேயே இவ்விஷயத்தைப் படித்தேன்.

இருதய நோயைப் பற்றிய கவலை நம்மூர்க்குப் பெரிதும் உரியது. 2023ஆம் ஆண்டில் வெளியான அகில இந்திய நீரிழிவு ஆராய்ச்சியின்படி, புதுச்சேரியில் வயது வந்தோருள் நூற்றுக்கு 26.3 பேர் நீரிழிவுடையர். கோவா ஒன்றே 26.4 என்னும் எண்ணோடு நம்மைச் சிறிது விஞ்சி நிற்கின்றது. நீரிழிவுள்ள இடத்தை இருதய நோய் நிழல்போலத் தொடரும் என்பது வைத்தியர் யாவரும் ஒப்புக்கொண்ட உண்மை. எனவே, எது நம் இருதயத்தைக் கெடுக்கின்றது, எது கெடுக்கவில்லை என்பதைச் சரியாக அறிவது வீண் ஆராய்ச்சியன்று. பழி சுமத்தும்பொழுது உரியவன்மேற் சுமத்தவேண்டும். எய்தவனிருக்க அம்பை நோவதிற் பயனில்லை.

முதலாவது, பாலில் என்ன இருக்கின்றது என்பதைப் பார்ப்போம். நூறு மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 3.3 கிராம் புரதம் உண்டு. எருமைப் பாலில் அதனினும் சிறிது மிகுதி. இப்புரதம் இருவகைப்படும். அடுப்பிலுள்ள பாலில் எலுமிச்சஞ் சாற்றைப் பிழிந்தால் பால் திரிந்து வெண்கட்டி ஒருபுறமும் பசுமஞ்சள் நிறமான தெளிநீர் ஒருபுறமுமாகப் பிரிவதைத் தாய்மார்கள் அறிவீர்கள். வெண்கட்டியாகத் திரள்வது கேசீன் என்னும் புரதம். பாற்புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு இதுவே. தெளிநீரிற் கரைந்து நிற்பவை மற்றைப் புரதங்கள். அவை ஐந்தில் ஒரு பங்கு. இக்காலத்து உடற்பயிற்சிக் கூடங்களில் இளைஞர்கள் டப்பாக்களில் வாங்கிக் கரைத்துக் குடிக்கும் 'வே புரோட்டீன்' என்பது இத்தெளிநீர்ப் புரதத்தை உலர்த்திய பொடியேயன்றி வேறன்று.

இவ்விரு புரதங்களையன்றிப் பாலிற் கொழுப்பும், லாக்டோஸ் என்னும் பாற்சர்க்கரையும், சுண்ணாம்புச் சத்தும், பிறவும் உள. பாலைப் பற்றி வழங்கும் குற்றச்சாட்டுகளிற் பெரும்பாலானவை இவற்றை வேறுபிரித்து அறியாமையால் எழுந்தவை. கொழுப்பின் குற்றத்தைப் புரதத்தின் தலையிலும், சர்க்கரையின் குற்றத்தைப் பாலின் தலையிலும் ஏற்றுகின்றோம். இந்த வேறுபாட்டை மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றேன். என் பேச்சு முழுவதற்கும் இதுவே அடிப்படை.

இனி, அழற்சி என்பது யாது? காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, வெதும்பி, வீங்கி, வலிக்கின்றது. நம் சித்த வைத்தியர் இதனைத் தாபிதம் என்பர். இது தேகத்தின் காவற்படை பகையோடு போர்புரியும் நிலை. போர் முடிந்ததும் படை கலைந்துபோதல் இயல்பு. அஃது உயிரைக் காக்கும் நல்ல அழற்சி. ஆனால் சிலருடைய தேகத்தில் வெளியே தோன்றாமல், வலியுமில்லாமல், உமித்தீப்போல ஒரு மெல்லிய அழற்சி ஆண்டுக்கணக்காக உள்ளே கனன்றுகொண்டிருக்கும். மிகு பருமன், நீரிழிவு, புகைபிடித்தல், பல்லீறு நோய் முதலியன அதற்குக் காரணங்களாம். இரத்தக் குழாயின் உட்சுவரிற் கொழுப்புப் படிவதும், படிந்த கொழுப்பு ஒருநாள் வெடித்து இரத்தம் உறைந்து குழாயை அடைப்பதும் இவ்வுமித்தீயின் துணைகொண்டே நிகழ்கின்றன.

இது வெறும் ஊகமன்று. 2017ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஒருமுறை மாரடைப்புற்றவரும் அழற்சி மிக்கவருமான 10,061 பேரைப் பல நாடுகளிலிருந்து திரட்டினர். அவர்களுட் சிலர்க்கு அழற்சியை மட்டும் அடக்கும் ஊசிமருந்தொன்றைச் செலுத்தினர். இரத்தத்திலுள்ள கெட்ட கொலஸ்டிராலை அம்மருந்து குறைக்கவில்லை. எனினும், குறித்த ஓரளவில் அதனைப் பெற்றவர்க்கு மறுபடியும் மாரடைப்பு முதலியன வருவது நூற்றுக்குப் பதினைந்து விழுக்காடு குறைந்தது. எனவே, அழற்சி இருதய நோய்க்கு உண்மையான ஒரு காரணமே. அச்செய்தியைப் படித்த அங்கத்தினர் இந்த அளவிற் சரியாகவே கூறினார். பாலிலுள்ள புரதம் அத்தீயை மூட்டுகின்றதா என்பதே இனி நாம் ஆராயவேண்டிய வினா.

உள்ளே கனலும் தீயை வெளியிலிருந்து அறிவதற்கு ஒரு கருவி உண்டு. 1930ஆம் ஆண்டில் நியூயார்க்கிலுள்ள ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர், நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் ஒரு புதிய புரதத்தைக் கண்டனர். 'சி ரியாக்டிவ் புரோட்டீன்' என்பது அதன் பெயர். வைத்தியர் அதனைச் சுருக்கிச் 'சி.ஆர்.பி.' என்பர். அழற்சி எங்கேனும் எழுந்தால் ஈரல் இதனை மிகுதியாகச் செய்து இரத்தத்திற் கலக்கும். இருதய நோயைக் கருதி நுட்பமாக அளக்கும்பொழுது, லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறைந்தால் நன்று. 3க்கு மேற்பட்டால் எச்சரிக்கை. சென்னை நகரத்தாரிடையே நிகழ்ந்து 2005ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்று, இச்சி.ஆர்.பி. உடற்கொழுப்போடும் நீரிழிவோடும் இருதயக் குழாய் நோயோடும் தொடர்புற்றிருப்பதைக் காட்டியது. ஆகவே இது நம்மவர்க்கும் பொருந்தும் அளவையே.

பாலும் தயிரும் உண்பவர்க்கு இவ்வளவை ஏறுகின்றதா, இறங்குகின்றதா? மனிதரிடத்திலே சோதித்துப் பார்த்த 52 ஆராய்ச்சிகளை ஒருங்கு வைத்து நிறுத்துப் பார்த்த கட்டுரையொன்று 2017ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் முடிவு இது: பாலுணவு பொதுவாக அழற்சியை மூட்டுவதன்று, பருமன், நீரிழிவுக்கு முந்திய நிலை முதலியவற்றை உடையவரிடத்திலும், தயிர் போன்ற புளித்த உணவுகளிலும், சிறிது அடக்கும் பக்கமே அது சாய்கின்றது. அழற்சி மிகுந்தது ஒருசாரார்க்கு மாத்திரமே; அவர்கள் பாற்புரதத்தின்மேல் ஒவ்வாமையுடையவர்கள். அவர்களைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன். தெளிநீர்ப் புரதத்தைத் தனியே கொடுத்துச் சி.ஆர்.பி.யை அளந்த சோதனைகளிலும் பொதுவாக ஏற்றமில்லை.

இந்நிலையில் ஒரு பெரிய கணக்கையும் கேளுங்கள். இந்தியா உட்பட 21 நாடுகளில் 1,36,384 பேரை ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி 2018ஆம் ஆண்டில் 'லான்செட்' பத்திரிகையில் வெளியாயிற்று. நாள்தோறும் இரண்டு பங்குக்கு மேல் பாலும் தயிரும் போன்றவற்றை உண்டவரிடையே, அவற்றை அறவே உண்ணாதவரைக் காட்டிலும், மரணமும் இருதய நோயும் பக்கவாதமும் குறைந்தே காணப்பட்டன. ஒரு பங்கு என்பது ஒரு கண்ணாடித் தம்ளர் பால் அல்லது ஒரு கிண்ணம் தயிர் எனக் கொள்க. அதே பெருங்கூட்டத்தாரைக் கொண்டு இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் ஆராய்ந்த கட்டுரை 2020ஆம் ஆண்டில் வந்தது. நாளொன்றுக்கு இரண்டு பங்கு உண்டவர்க்கு இவ்விரண்டும் நூற்றுக்குப் பதினொன்று பன்னிரண்டு விழுக்காடு குறைந்து வந்தன என்பது அக்கட்டுரையின் கணக்கு.

இதனைக் கேட்டவுடன், பால் இருதய நோய்க்கு மருந்து என்று எவரும் ஆர்ப்பரித்து எழவேண்டா. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பதைக் காகதாலீய நியாயம் என்று நம் தருக்க நூலார் வழங்குவர். இரண்டு நிகழ்ச்சிகள் ஒருங்கு தோன்றியதனாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. பால் வாங்கிக் குடிக்க வசதியுடையவர் நல்ல வைத்தியத்தையும் பெற வசதியுடையவராதல் கூடும். ஆராய்ச்சியாளர் அதற்கு ஈடுகட்டிக் கணக்கிட்டனராயினும் அவ்வையம் முழுதும் நீங்குவதில்லை. ஆகவே யான் துணிந்து கூறத்தக்கது இதுவே: பாற்புரதம் இருதயத்தை எரிக்கும் தீ என்பதற்குப் போதிய சான்றில்லை, பெரும்பாலார்க்கு அது தீங்கற்றது, ஓரளவு நன்மையும் செய்யலாம்.

நன்மை செய்யுமாயின் எவ்வழியாற் செய்யும் என்று இளைஞர்கள் கேட்கலாம். அதற்கும் விடையுண்டு. கேசீன் வயிற்றிற் செரிக்கும்பொழுதும், பால் புளிக்கும்பொழுதும், நீண்ட புரதச் சங்கிலி சிறுசிறு துணுக்குகளாக அறுபடுகின்றது. புளித்த பாலில் அவ்வாறு பிறந்த இரண்டு துணுக்குகளை ஜப்பானிய அறிஞர் 1995ஆம் ஆண்டில் பிரித்தெடுத்துக் காட்டினர். இரத்தக் குழாயைச் சுருக்கும் பொருள் நம் தேகத்தில் உண்டாவதற்குத் துணைபுரியும் நொதியொன்று உண்டு. அத்துணுக்குகள் அந்நொதியைத் தடுக்கின்றன. இரத்த அழுத்தமுடையோர் பலர் உட்கொள்ளும் எனலாப்ரில் என்னும் மாத்திரையும் அந்நொதியையே தடுக்கின்றது என்பது கருதத்தக்கது. ஆயின் மாத்திரையின் வலிமை வேறு. தயிரின் வலிமை வேறு. ஊற்றுநீரையும் ஆற்றுவெள்ளத்தையும் ஒன்றாக எண்ணுதல் கூடாது.

2016ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து ரீடிங் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட சோதனையொன்று இதனை விளக்கும். சிறிதளவு இரத்த அழுத்தம் மிக்கவர்க்கு நாள்தோறும் 56 கிராம் தெளிநீர்ப் புரதத்தை எட்டு வாரம் கொடுத்து, இரவும் பகலும் அழுத்தத்தை அளந்தனர். மாச்சத்துப் பொடியை உண்ட காலத்தை நோக்க, மேலழுத்தம் ஏறத்தாழ நான்கு அலகு குறைந்தது. நல்லதே. ஆனால் அந்த 56 கிராமைப் பாலிலிருந்து பெறவேண்டுமானால் எட்டு லிட்டருக்கு மேற்பட்ட பால் வேண்டும்! ஆகவே, தம்ளர்ப் பாலினால் இரத்த அழுத்தம் தீர்ந்துவிடும் என்று கருதி மாத்திரையை நிறுத்துபவர் தமக்குத் தாமே பகைவராவர். பொடி டப்பாவுக்காக மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைச் செலவிடும் நம் இளைஞர்க்கும் ஒரு வார்த்தை. பருப்பும் பயறும் முட்டையும் தயிரும் உண்டு உழைப்பவர்க்கு அப்பொடி பெரும்பாலும் வேண்டுவதில்லை.

இனி, நாட்டு மாட்டுப் பால், சீமை மாட்டுப் பால் என்னும் வழக்கிற்கு வருவோம். ஏ2 பால் என்று பெயரிட்டு இருமடங்கு விலைக்கு விற்கும் விளம்பரங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். கேசீனில் ஒருவகையாகிய பீட்டா கேசீன் 209 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அம்மாலையின் 67ஆம் மணியில் மாத்திரம் ஒரு வேறுபாடு. ஒருவகைப் பசுவில் அவ்விடத்தில் ஹிஸ்டிடின், மற்றொருவகைப் பசுவிற் புரோலின். முன்னது ஏ1, பின்னது ஏ2. ஏ1 செரிக்கும்பொழுது பிறக்கும் ஒரு துணுக்கு இருதயத்துக்குத் தீங்கு செய்யும் என்னும் கொள்கை நியூசிலாந்து தேசத்திலிருந்து எழுந்தது. ஏ1 பால் மிக்க நாடுகளில் இருதய நோயும் மிக்கிருப்பதாக 2003ஆம் ஆண்டில் இருபது நாடுகளின் கணக்கை ஒப்பிட்டுக் காட்டினர். அதுவும் காகதாலீயமாகலாம் அன்றோ? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சான்றுகளையெல்லாம் ஆராய்ந்து, அத்துணுக்கிற்கும் இருதய நோய் முதலியவற்றிற்கும் காரண காரியத் தொடர்பு நிலைநாட்டப்படவில்லை என்று 2009ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

நம் தேசத்துத் திமிலுள்ள பசுக்களிற் பெரும்பாலானவற்றின் பாலும், எருமைப் பாலும் இயல்பாகவே ஏ2 வகையின. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள், பால் உறைகளில் ஏ1, ஏ2 என்று உரிமை பாராட்டுவதை நீக்குமாறு கட்டளை பிறப்பித்தது. ஐந்து நாட்களுக்குள் அக்கட்டளையைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. இவ்வழக்கு இன்னும் முடியாதது என்பதற்கு இதுவே போதும். நாட்டுப் பசுவை வளர்ப்பது நல்லது, அதனைப் போற்றுங்கள். ஆனால் இருதயத்தைக் காக்குமென்று நம்பி, ஏழைக் குடும்பம் பாண்லே பூத்திற் கிடைக்கும் பாலை விட்டு இருமடங்கு விலை கொடுக்க வேண்டுவதில்லை.

இது நிற்க. பால் ஆகாதவர் யார் யார் என்பதையும் மறையாமற் கூறுவது என் கடமை. முதலாவது, பாற்புரத ஒவ்வாமையுடையோர். பெரும்பாலும் கைக்குழந்தைகளிடம் இது காணப்படும். பாலருந்தியவுடன் தடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல் முதலியன தோன்றும். இவர்க்குப் பாற்புரதம் மெய்யாகவே அழற்சியை மூட்டுவது. ஒரு துளியும் ஆகாது. வைத்தியரிடம் காட்டுவது அவசியம். பலர்க்கு இது வளர வளர நீங்கிவிடும். இரண்டாவது, பாற்சர்க்கரை செரியாதோர். இவர்க்கு வயிறு உப்பும், பேதியாகும், ஆனால் இது புரதத்தின் குற்றமன்று, அழற்சியுமன்று. தென்னாட்டாரிற் பெரும்பாலோர்க்கு வயது ஏற ஏறப் பாற்சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைவது இயல்பு. இவர்கள் பாலைக் குறைத்துத் தயிரும் மோரும் கொள்ளலாம். புளிக்கும்பொழுது அச்சர்க்கரையின் ஒருபகுதி கழிந்துபோகின்றது. நீர்கலந்து பெருக்கிய மோரை நம் முன்னோர் போற்றியதன் நுட்பம் இங்கும் விளங்கும். மூன்றாவது, சிறுநீரக நோயுடையோர். இவர்க்குப் புரதத்திற்கும் அளவு உண்டு. அவ்வளவை அவர்தம் வைத்தியரே குறிக்கவேண்டும்.

பாற்புரதம் குற்றவாளியன்று எனின், குற்றவாளி யார்? நம் தம்ளரையும் இலையையும் உற்று நோக்குவோம். நெய்யில் புரதம் இல்லை என்றே கூறலாம். அது முழுதும் கொழுப்பு. அதிற் பாதிக்கு மேற்பட்டது செறிந்த கொழுப்பு என்னும் வகை. கெட்ட கொலஸ்டிராலை ஏற்றுவது அதுவே. நாளொன்றுக்கு இரண்டாயிரம் கலோரி உண்பவர் ஏறத்தாழ 22 கிராமுக்கு மேற் செறிந்த கொழுப்பை உண்ணலாகாது என்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் அளவையால் வரும் கணக்கு. பெரிய கரண்டி நெய் இரண்டு ஊற்றிக்கொண்டால் அதன் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். நம் கலியாண வீடுகளில் இலைக்கு இரண்டு இனிப்பு, ஒவ்வொன்றிலும் சொட்டச் சொட்ட நெய் என்று போட்டி போடுகின்றோமே, அவ்விடத்தில் எவரும் எழுந்து அழற்சியைப் பற்றிப் பேசக் கண்டிலேன்!

அடுத்தது சர்க்கரை. காலையிற் காப்பி, பத்து மணிக்குத் தேநீர், மாலையில் மறுபடியும் காப்பி என்று மூன்று நான்கு முறை பாலருந்துகின்றோம். ஒவ்வொரு முறையும் இரண்டு கரண்டி சர்க்கரை. நூறில் இருபத்தாறு பேர் நீரிழிவுடைய ஊரில் இஃது எத்தன்மைத்து என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். அதன்பின் உப்பு. மோர் நல்லது என்று சொல்லி, அதில் ஒரு பிடி உப்பிட்டு, தொட்டுக்கொள்ள உப்பில் ஊறிய ஊறுகாயும் மோர் மிளகாயும் வைத்துக்கொண்டால், மோர் இறக்கும் அழுத்தத்தை உப்பு ஏற்றிவிடும். இவை யாவற்றினும் கொடியது புகையிலை. பீடி, சிகரெட்டு, வாயிலடக்கும் புகையிலை ஆகிய இவற்றினும் பெரிய இருதயப் பகை வேறு அதிகம் இல்லை. என் தமையனார் கையில் கடைசிவரை இருந்தது பால் தம்ளரன்று, பீடிக் கட்டு.

இனி நம் பிள்ளைகளின் பக்கம் திரும்புவோம். அவர்களிடமிருந்து பாலைப் பறித்தால் இழப்பது யாது என்பதை, இருதயத்தை மறந்து சிறிதுபொழுது வளர்ச்சியை மாத்திரம் வைத்துப் பாருங்கள். நீலகிரியிலுள்ள குன்னூரில் 1918ஆம் ஆண்டில் தொடங்கிய உணவாராய்ச்சி நிலையமே பிற்காலத்தில் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிலையமாயிற்று. அங்கு மக்காரிசன் என்னும் வைத்தியர் இந்தியாவின் பல பகுதியார் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமையும் பருப்பும் காய்கறியும் பாலும் கொண்ட சீக்கியர் உணவை உண்டவை மிக நன்கு வளர்ந்தன. அரிசியே மிகுந்து பால் அருகிய நம் சென்னை மாகாணத்து உணவை உண்டவை மிக நலிந்தன. அவருக்குப்பின் 1935ஆம் ஆண்டில் அந்நிலையத்தின் தலைமையேற்ற அய்க்ராய்டு, எலியோடு நில்லாமற் குழந்தைகளுக்கே கொழுப்பு நீக்கிய பாலைக் கொடுத்துச் சோதித்தார். வழக்கமான உணவோடு அதனையும் பெற்ற குழந்தைகள் உயரத்திலும் எடையிலும் மற்றவரை விஞ்சினர்.

கொழுப்பு நீக்கிய பால் என்பதைக் கவனியுங்கள். வெண்ணெயை எடுத்துவிட்டபின் எஞ்சுவது புரதமும் சுண்ணாம்பும் பாற்சர்க்கரையும் பிறவுமே. பிள்ளைகளை வளர்த்தவற்றுள் முதன்மையானது, இன்று நாம் பழிக்கும் அப்புரதமே. நம் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியினரே 1930ஆம் ஆண்டிற் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளிக்கத் தொடங்கினர் என்பது நாம் பெருமைப்படத்தக்க வரலாறு. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை இம்மண் அன்றே அறிந்திருந்தது. நம் மாலைப் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளிற் சிலர்க்கு நண்பகலுக்கும் இரவுக்கும் இடையே வயிற்றிற் செல்வது அவ்வொரு தம்ளர் பாலே. நூற்றைம்பது மில்லிப் பாலில் ஐந்து கிராம் புரதம் உண்டு. அதனை நாம் எடுத்துவிட்டால், அதனிடத்தைப் பருப்புக் கஞ்சி நிரப்பப் போவதில்லை. ஐந்து ரூபாய்ப் பொட்டலத்து நொறுக்குத் தீனியே நிரப்பும். அதில் உப்பும் எண்ணெயும் உண்டு. புரதமோ மிக அற்பம். யான் பாடசாலை வாசலிலே நாள்தோறும் காணும் காட்சி இது.

ஆகவே, தலைவரவர்கள் இட்ட கட்டளைக்கு என் விடையைச் சுருங்கக் கூறி, சில யோசனைகளையும் சங்கத்தின் முன் வைக்கின்றேன். பால் வழங்குவதை நிறுத்தவேண்டா. அதிற் கலக்கும் சர்க்கரையை இம்மாதம் பாதியாகவும், அடுத்த மாதம் முழுவதுமாகவும் நீக்குவோம். பால் ஒவ்வாத பிள்ளைகளின் பெயரைப் பெற்றோரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அவர்களுக்குச் சுண்டலோ வேர்க்கடலையோ கொடுப்போம். பெரியோர்கள் நாளொன்றுக்குப் பாலும் தயிரும் மோருமாக ஏறத்தாழ 300 மில்லி கொள்ளலாம். 2024ஆம் ஆண்டில் ஹைதராபாத்து நிலையம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் அவ்வளவையே குறிக்கின்றது. கொலஸ்டிரால் மிக்கவரும் இருதய நோயுற்றவரும் நூற்றுக்கு 6 பங்கு கொழுப்புள்ள நிறைகொழுப்புப் பாலை விட்டு, 3 பங்கு அல்லது 1.5 பங்கு கொழுப்புள்ள பாலை வாங்குவார்களாக. அவ்வளவு உறையிலேயே அச்சிட்டிருக்கும். படித்துப் பார்த்து வாங்குங்கள். நம் சங்கத்து விருந்துகளில் நெய் இனிப்பை ஒன்றாகக் குறைப்போம். நாற்பது வயது கடந்த அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கொருமுறை இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கொலஸ்டிராலையும் சோதித்துக்கொள்ள, சங்கமே ஒரு நாளைக் குறிக்கவேண்டும்.

சென்ற மாதம் தீர்மானத்தைக் கொண்டுவந்த அன்பருக்கும் ஒரு வார்த்தை. தாங்கள் எழுப்பிய வினா நல்வினா. அதனாலேயே யாங்கள் யாவரும் இவ்வளவும் அறிய நேர்ந்தது. அழற்சி இருதயத்தின் பகை என்று தாங்கள் கூறியது உண்மை. அப்பகை வந்து புகும் வாயிலே வேறு. கைப்பேசியில் வரும் செய்தி யாருடையது, எவரிடம் சோதித்தது, எத்தனை பேரிடம் கண்டது என்று மூன்று கேள்வி கேட்டுப் பழகுவோமாயின், பாதி வதந்தி நம் வாசலிலேயே நின்றுவிடும். மாணவர்க்கு யான் இலக்கணத்திற் கற்பிப்பதும் இதுவே: எழுவாய் யாது, பயனிலை யாது என்று முதலிற் பிரித்துக்கொள், பின்பு பொருள் கொள்.

பெரியோர்களே! என் தமையனார் வீட்டில் இன்று அவருடைய இளைய மகள் தயிர்ச்சோறு உண்ண அஞ்சுகின்றாள். தந்தையைக் கொன்றது பால் என்று அக்குழந்தையின் மனத்தில் யாரோ பதித்துவிட்டார்கள். போன வாரம் யான் அவளருகில் அமர்ந்து, ஒரு கிண்ணம் தயிர்ச்சோற்றை முதலில் யானே உண்டு காட்டினேன். அவள் சிறிதுபொழுது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பின்பு தானும் ஒரு கவளம் எடுத்துக்கொண்டாள். நம் பாடசாலையிலுள்ள நாற்பது பிள்ளைகளுக்கும் அவ்வச்சம் வாராதபடி காப்பது உங்கள் கையில் இருக்கின்றது. வாக்கெடுப்பிற்கு முன் யான் சொல்ல வேண்டியவை இவ்வளவே.

 யாவரும் நோயற்று நீடு வாழ்வீர்களாக!